ஊகத்துக்கு மார்க் போடுகிறவர்கள்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். ஒவ்வோர் ஏப்ரல் கடைசியிலும் மூன்று நாள் உட்கார்ந்து, கல்லூரியில் ஆடிய பையன்களை 32 அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. டிராஃப்ட் என்று பெயர். மேடையைப் பிரித்து லாரியில் ஏற்றி முடிப்பதற்குள் அடுத்த ஆண்டு டிராஃப்டில் யார் எந்த அணிக்குப் போவார் என்ற பட்டியல் வந்துவிடுகிறது. அதில் உள்ள பையன்கள் இன்னும் ஒரு பருவம் முழுக்க ஆட வேண்டும். முழங்கால் போகலாம், பயிற்சியாளர் மாறலாம், ஆட்டமே அலுத்துப்போகலாம். எந்த அணி எத்தனையாவதாகத் தேர்ந்தெடுக்கும் என்பதும் தெரியாது. அதைத் தீர்மானிக்கப்போகும் ஆட்டங்களில் ஒன்றுகூட நடக்கவில்லை. பட்டியல் மட்டும் அச்சுக்குத் தயார்.

இந்த மாக் டிராஃப்டை நாம் உத்தேசப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் அது இரண்டாம் பதிப்பு, ஏழாம் பதிப்பு, இறுதிப் பதிப்பு, இறுதிக்கும் இறுதியான பதிப்பு என்று குட்டி போடும். பிறகு இரண்டாம் அடுக்கு நிபுணர்கள் எழுந்தருளுவார்கள். இவர்கள் வேலை, உத்தேசப் பட்டியலை மதிப்பிடுவது. '19-இல் இவரைப் போட்டது புத்திசாலித்தனம், 22-இல் அவரைப் போட்டது அவசரம். மொத்தத்தில் பி பிளஸ்.' நடக்காத ஒன்றைப் பற்றி ஒருவர் சொன்ன ஊகத்துக்கு இன்னொருவர் மார்க் போடுகிறார். அந்த மார்க் நியாயமா என்று கோட்டும் டையும் அணிந்த மூவர் ஒரு மணி நேரம் குரலை உயர்த்துகிறார்கள். நடுவில் கார் விளம்பரம், பீர் விளம்பரம், சூதாட்ட நிறுவன விளம்பரம். முதல் சுற்றின் 32 பெயர்களில் பத்துப் பேரைச் சரியான அணியோடு பொருத்திவிட்டால் அந்த ஆண்டு அவர் மகான். மற்ற 22-ஐப் பற்றிக் கேட்பது நாகரிகமில்லை.

1980-இல் ஈ.எஸ்.பி.என். என்ற புதுத் தொலைக்காட்சி, டிராஃப்டை நேரடியாக ஒளிபரப்புகிறோம் என்று போய் நின்றபோது, பெயர் வாசிப்பதை எவன் பார்ப்பான் என்று லீகின் ஆணையர் பீட் ரோஸலுக்கே சந்தேகம். 2024-இல் டெட்ராய்ட் நகரில் அந்தப் பெயர் வாசிப்பைப் பார்க்க மூன்று நாளில் ஏழே முக்கால் லட்சம் பேர் வந்தார்கள். ரோஸல் தன் மக்களைக் குறைத்து எடைபோட்டுவிட்டார்.

1935-இல் இந்த ஏற்பாட்டை முன்மொழிந்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது. கடைசியில் வந்த அணிக்கே முதல் தேர்வு என்ற விதியைக் கடைசியில் வருகிறவரே கொண்டுவந்தார். 1936-இல் முதல் டிராஃப்டின் முதல் ஆளாக ஜே பெர்வாங்கரை எடுத்தார். அந்நாளின் தலைசிறந்த கல்லூரி வீரர். சம்பளம் படியவில்லை. உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்குத் தள்ளிவிட்டார், அங்கேயும் படியவில்லை. பெர்வாங்கர் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போனார். வரலாற்றின் முதல் தேர்வுக்கே விடை பூஜ்யம். அன்றே கடையைச் சாத்தியிருக்கலாம்.

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்கள் குழம்ப வேண்டாம். ஏலத்தில் இரண்டு முதலாளிகள் மோதினால் ஆட்டக்காரனுக்கு விலை ஏறும். டிராஃப்டில் ஒரே அணிக்குத்தான் பேசும் உரிமை. 2011-க்குப் பிறகு எத்தனையாவது தேர்வோ அதற்குரிய சம்பளமும் ஏறக்குறைய எழுதிவைத்தது. எந்த ஊரில் குடியிருப்பது, எவரிடம் வேலை பார்ப்பது என்பதில் பையனுக்கு வாயில்லை. பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாமல் உள்ளே வரவும் கூடாது. மாரிஸ் கிளாரெட் என்ற இளைஞர் அதை எதிர்த்து வழக்காடி 2004-இல் மேல்முறையீட்டில் தோற்றார். கட்டற்ற சந்தைக்குக் கோயில் கட்டிக் கும்பிடும் நாட்டில், அந்தக் கோயிலின் பெரிய தர்மகர்த்தாக்களான கோடீஸ்வரர்கள் தங்களுக்குள் மட்டும் சோஷலிசம் நடத்திக்கொள்கிறார்கள். தோற்றவனுக்கு முன்னுரிமை, கூலிக்கு உச்சவரம்பு, வருமானத்தில் பங்கீடு. இதை வேறு யாராவது கேட்டால் கம்யூனிஸ்ட்.

டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸ் நகரில் கம்பைன் என்ற பரிசோதனை நடக்கும். முன்னூறுக்கு மேற்பட்ட இளைஞர்களை அரைக்கால் சட்டையோடு நிறுத்தி உயரம், எடை, கை நீளம் எடுப்பார்கள். 40 கெஜம் ஓடவிட்டு நொடியை நூறாகப் பிளந்து கணக்கெடுப்பார்கள். 225 பவுண்டு இரும்பைத் தூக்கவிட்டு எண்ணுவார்கள். மருத்துவர்கள் வரிசையாக மூட்டு மூட்டாகத் திருகிப் பார்ப்பார்கள். நம் மாட்டுச்சந்தையிலும் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் விலை என்று வரும்போது தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார். மாட்டின் விலையைப் பேசவே அந்த அளவு கூச்சம். இண்டியானாபொலிஸில் துண்டு கிடையாது. நேரடி ஒளிபரப்பு உண்டு.

கையை விரித்து வைத்துக் கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனிவரை அளப்பார்கள். நம் கணக்கில் ஒரு சாண். 2022-இல் கென்னி பிக்கெட் என்ற குவார்ட்டர்பேக்கின் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) சாண் எட்டரை அங்குலம் என்று வந்தது. வாரக்கணக்கில் அதுவே பேச்சு. எட்டரை போதுமா, குளிரில் பந்து வழுக்குமா, கட்டை விரல் வளைகிற வாகில் அளவு குறைந்துவிட்டதா என்று, கல்யாணமாகிப் பிள்ளை குட்டி பெற்ற ஆண்கள் வேலைவெட்டியை விட்டு விவாதித்தார்கள். கடைசியில் அந்த ஆண்டு முதலில் எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் அவர்தான்: 20-வது தேர்வு, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். இரண்டே பருவத்தில் வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதே டிராஃப்டில் கடைசி ஆளாக, 262-வதாக எடுக்கப்பட்டவர் பிராக் பர்டி. கடைசியாக வருபவருக்கு 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று பட்டம் சூட்டி, ஆண்டுதோறும் ஒரு கேலி விழாவும் எடுப்பார்கள். ஒரு பொருட்டே இல்லாதவராம். அந்தப் பொருட்டில்லாதவர் 2024 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் அணியைச் சூப்பர் பவுல் இறுதியாட்டம் வரை கொண்டுபோய் நிறுத்தினார். அதற்கு முன் 2021-இல் அதே அணி, மூன்று ஆண்டு முதல் சுற்றுத் தேர்வுகளை மயாமி அணிக்குத் தாரைவார்த்து, மூன்றாம் இடத்துக்கு ஏறி, டிரே லான்ஸ் என்பவரை வாங்கியிருந்தது. அவரை 2023-இல் ஒரே ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு விற்றார்கள். அந்தப் பையன் நாலு ஆட்டத்தைத்தான் தொடங்கிவைத்திருந்தார். 'தோல்வி' என்ற முத்திரை யார் நெற்றியில்? பையன் நெற்றியில். அவருக்கு அந்த விலை போட்டவர்கள் அதே நாற்காலிகளில் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

உடம்பை அளந்த பிறகு குணத்தை அளக்க வேண்டுமே. பன்னிரண்டு நிமிடத்தில் 50 கேள்வி என்று ஒரு புத்தித் தேர்வு பல்லாண்டுகள் நடந்தது. 2012-இல் ஒருவர் 50-க்கு 4 எடுத்தார் என்ற செய்தி கசிந்து நாடே சிரித்தது. கசியவிட்டவர் எத்தனை மார்க் எடுப்பார் என்று எவரும் கேட்கவில்லை. 2022-இல்தான் அந்தத் தேர்வைக் கைவிட்டார்கள். நேர்காணல் இன்னும் உண்டு. 2010-இல் மயாமி டால்ஃபின்ஸின் பொது மேலாளர் ஜெஃப் அயர்லாந்து, டெஸ் பிரையன்ட் என்ற இளைஞரிடம் உன் தாய் விபசாரியா என்று கேட்டார். 2016-இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் பயிற்சியாளர் ஒருவர் எலி ஆப்பிள் என்பவரிடம் உனக்கு ஆண்களைப் பிடிக்குமா என்று கேட்டார். செய்தி வெளியே வந்ததும் மன்னிப்புகள் வந்தன. பந்து பிடிக்கிற வேலைக்குத் தாயின் கற்பு எதற்கு? 'குணநலன் குறித்த கவலை' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதற்குள் எந்தச் சாக்கடையையும் ஊற்றலாம். ஊற்றுகிறவர் பெயர் மட்டும் எப்போதும் 'பெயர் சொல்ல விரும்பாத அணி நிர்வாகி'.

சரி, இந்தத் தொழிலின் ஆதிகுரு மெல் கைப்பரைச் சேவிக்காமல் நகர முடியாது. 1984 முதல் ஈ.எஸ்.பி.என்.னில் வாரிச் சீவிய தலையோடு தீர்ப்புச் சொல்லி வருகிறார். 1994-இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், குவார்ட்டர்பேக் டிரென்ட் டில்ஃபரை விட்டுவிட்டு டிரெவ் ஆல்பர்ட்ஸ் என்ற தடுப்பாளரை எடுத்தது. கைப்பர் கிழித்துத் தோரணம் கட்டினார். கோல்ட்ஸ் மேலாளர் பில் டோபின் நேரடி ஒளிபரப்பிலேயே, யாருய்யா இந்தக் கைப்பர், என் பக்கத்து வீட்டுத் தபால்காரருக்கு இருக்கிற தகுதிதானே இவருக்கும் என்று பாய்ந்தார். ஆல்பர்ட்ஸ் காயங்களால் மூன்றே பருவத்தில் ஓய்வு பெற்றார். டில்ஃபர் பின்னாளில் வேறோர் அணிக்குச் சூப்பர் பவுல் வென்று கொடுத்தார். கைப்பர் ஜெயித்தார் என்கிறீர்களா? 2010-இல் ஜிம்மி கிளாசன் என்ற குவார்ட்டர்பேக் ஜொலிக்காவிட்டால் இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன் என்று சபதம் போட்டவரும் அவரேதான். கிளாசன் முதல் பருவத்தில் தொடங்கிய பத்து ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றார். அடுத்த ஆண்டே அணி வேறு ஆளை எடுத்தது. கிளாசன் தொழிலை விட்டுப் பல காலம் ஆகிறது. கைப்பர் விடவில்லை. பக்கத்து வீட்டுத் தபால்காரர் கடிதத்தை மாற்றிப் போட்டால் மெமோ வரும் என்பதுதான் இருவருக்கும் உள்ள வித்தியாசம்.

உத்தேசம் எப்போது உண்மையாகிறது என்பதை 2025-இல் பார்த்தோம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஷெடூர் சாண்டர்ஸ், பழைய நட்சத்திரம் டியான் சாண்டர்ஸின் மகன். முதல் சுற்றில் போவார், முதல் சில இடங்களுக்குள்ளேயே போகலாம் என்று பட்டியல்கள் மாதக்கணக்கில் சத்தியம் செய்தன. கைப்பர் கணக்கில் அந்த ஆண்டின் முதல்தரக் குவார்ட்டர்பேக். கிரீன் பே நகரில் டிராஃப்ட் தொடங்கியது. முதல் நாள் பெயர் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. நூறு பெயருக்கு மேல் வாசித்தாகிவிட்டது. குவார்ட்டர்பேக்குகளே ஐந்து பேர் போய்விட்டார்கள். மூன்றாம் நாள், ஐந்தாம் சுற்றில், 144-வதாக கிளீவ்லாந்து பிரவுன்ஸ் எடுத்தது. அதுவும் மூன்றாம் சுற்றில் வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்து முடித்த பிறகு.

'வரலாறு காணாத சரிவு' என்று அலறினார்கள். எங்கிருந்து சரிந்தார்? எந்த அணியும் அவரை மூன்றாவது ஆள், ஐந்தாவது ஆள் என்று எழுதிக் கொடுக்கவில்லை. நிபுணர்கள் தாங்களே ஓர் ஏணியைக் காற்றில் சாய்த்துவைத்து, உச்சிப் படியில் அவரை உட்காரவைத்து, பிறகு விழுந்துவிட்டார் என்று ஒப்பாரி வைத்தார்கள். பட்டியல் தவறு என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. பையன்தான் தவறாம்: திமிர் பிடித்தவராம், நேர்காணலில் மதிக்கவில்லையாம். சொன்னவர்? நம் பழைய நண்பர், பெயர் சொல்ல விரும்பாத நிர்வாகி. முதல் தேர்வான கேம் வார்டுக்கு நான்கு ஆண்டுக்கு 4.8 கோடி டாலருக்கு மேல். 144-வதாக வந்தவருக்கு அதே நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 46 லட்சம். இரண்டாம் நாள் அவருக்கு ஒரு போன்கால் வந்தது, ஓர் அணியின் மேலாளர் பேசுவதாக. இன்னும் கொஞ்சம் காத்திரு என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பேசியது ஃபால்கன்ஸ் தற்காப்புப் பயிற்சியாளரின் மகனும் கூட்டாளிகளும். தகப்பனாரின் கருவியிலிருந்து எண்ணைச் சுட்டிருந்தார்கள். லீக் அணிக்கு 2,50,000 டாலரும் பயிற்சியாளருக்கு 1,00,000 டாலரும் அபராதம் போட்டது. நாட்டின் அதிபரோ, மற்ற வேலைகளையெல்லாம் முடித்துவிட்டவர்போல, இந்த உரிமையாளர்கள் முட்டாள்களா என்று கேட்டுப் பதிவு போட்டார். அபூர்வமாக ஒரு நல்ல கேள்வி. டிராஃப்ட் முடிந்ததும் மார்க் போடும் படலம் வந்தது. அந்தப் பையனை உச்சியில் வைத்தவர்களில் சிலரே, 144-இல் அவரைப் பிடித்தது மலிவான சாமர்த்தியம் என்று பிரவுன்ஸைத் தட்டிக்கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் அவர்கள் ஊகம்தான் ஜெயித்தது.

இப்போது திமிர் பிடிக்காத அந்த அணியின் குணநலனைப் பார்ப்போம். 2016-இல் பிரவுன்ஸ் 16 ஆட்டத்தில் ஒன்று வென்றது. 2017-இல் ஒன்றுகூட வெல்லவில்லை. பரிசாக இரண்டு ஆண்டும் முதல் தேர்வு. 2022-இல் டெஷான் வாட்சன் என்ற குவார்ட்டர்பேக்குக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து, 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்தோடு எழுதிக் கொடுத்தது. அப்போது இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் அவர்மீது பாலியல் அத்துமீறல் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர் மறுத்தார், குற்றவியல் வழக்கு எழவில்லை, லீக் 11 ஆட்டம் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. குணநலன் குறித்த கவலை அன்றைக்கு எந்த ஊருக்குப் போயிருந்தது? நேர்காணலில் கால்மேல் கால் போட்டால் குணக்கேடு. இருபது வழக்கு இருந்தால் 23 கோடி. அந்த அணியின் உரிமையாளருக்குப் புது மைதானம் வேண்டும் என்றதும், 2025-இல் ஓஹையோ மாநில அரசு 60 கோடி டாலர் ஒதுக்கியது. எங்கிருந்து? மறந்துபோன வங்கிக் கணக்கு, வாங்காத காசோலை என்று மக்கள் உரிமை கோராமல் அரசிடம் கிடந்த பணத்திலிருந்து. இந்தத் தேர்வுக்கு மார்க் போட எந்த நிபுணரும் வரவில்லை.

ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மேஸியும் பல ஆண்டு டிராஃப்டுகளை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். ஓர் ஆட்டக்காரர், அதே இடத்துக்கு அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு 52 சதவீதம். ஒரு நாணயமும் ஒரு கட்டை விரலும் இருந்தால் 50 வந்துவிடும். மிச்ச 2 சதவீதத்துக்குத்தான் இந்தச் சாண் அளவும், தாய் பற்றிய கேள்வியும், ஏழாம் பதிப்பும். மேலே ஏறுவதற்காகத் தேர்வுகளை வாரி இறைக்காதீர்கள், கீழே இறங்கிப் பல பேரை எடுங்கள் என்பதே ஆய்வின் சாரம்.

தேலர் இதை வாஷிங்டன் அணியின் உரிமையாளர் டேனியல் ஸ்னைடரின் ஆட்களிடமே நேரில் விளக்கினார். 2012-இல் வாஷிங்டன் என்ன செய்தது? ராபர்ட் கிரிஃபின் என்ற ஒரே குவார்ட்டர்பேக்குக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் செயின்ட் லூயிஸ் ராம்ஸிடம் கொட்டியது. கிரிஃபின் முதல் ஆண்டில் மின்னினார், முழங்காலில் அடிபட்டது, சரியாக ஆறுவதற்குள் மறுபடி ஆடவைத்தார்கள். 2014 டிசம்பரில் இரு அணிகளும் மோதின. டாஸ் போடும் நேரத்தில் ராம்ஸ் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் ஆறு பேரைத் தலைவர்களாக நடுக்களத்துக்கு அனுப்பினார். ஆறு பேரும் அந்த ஒரே பேரத்தில் கிடைத்த தேர்வுகளால் வந்தவர்கள். ஆட்டம் 24-0. டிராஃப்ட் மதிப்பீடு என்ற பெயரில் அமெரிக்காவில் இதுவரை வெளியானவற்றில் நேர்மையானது அந்த ஆறு பேரின் நடைதான் என்பேன்.

ஸ்னைடர் தண்டிக்கப்பட்டாரா? 2023-இல் அணியை 605 கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் போனார். அவர் வாங்கிய விலை 80 கோடி.

பையன்களின் கணக்கு வேறு. ஆட்டக்காரரின் சராசரி ஆயுள் மூன்று பருவத்தைச் சற்றே தாண்டும் என்பது வீரர்கள் சங்கமே சொல்லும் கணக்கு. பிறகு தலைவலி, மறதி, காரணமில்லாத கோபம். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல், தானமாக வந்த முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் 111 மூளைகளை அறுத்துப் பார்த்தார்கள், 110-இல் சி.டி.ஈ. என்ற சிதைவு நோய். நோய்க்குறி தெரிந்த குடும்பங்களே அதிகம் தானம் செய்திருப்பார்கள் என்று ஒதுக்கிவைத்தாலும், அது சமாதானம் சொல்லக்கூடிய எண் இல்லை.

தலையில் அடிபட்ட முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டு, லீக் இழப்பீட்டு உடன்படிக்கைக்கு வந்தது. இழப்பீடு கேட்பவர் தன் அறிவுத்திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கும் ஒரு தேர்வு, அதற்கும் மார்க். அந்த மார்க்கைக் கணக்கிட்ட அட்டவணையில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பத்தி இருந்தது. அவர்களுடைய அறிவுத்திறன் தொடக்கத்திலேயே வெள்ளையர்களைவிடக் குறைவு என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து கழித்தார்கள். கறுப்பர் ஒருவரும் வெள்ளையர் ஒருவரும் ஒரே மார்க் எடுத்தால், வெள்ளையருக்கு நோய், கறுப்பருக்கு இயல்பு. லீகில் ஆடுகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். 21 வயதில் நொடியின் நூறில் ஒரு பங்குவரை, அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குவரை அளந்து, உலகின் தலைசிறந்த உடம்பு, கூர்மையான மூளை என்று கூவி எடுத்த அதே ஆட்கள். 45 வயதில் மருந்துச் சீட்டோடு வந்து நின்றதும், நீ முன்பே மந்தம்தான் என்று கோப்பை மூடினார்கள்.

கெவின் ஹென்றி, நாஜே டாவன்போர்ட் என்ற இரண்டு முன்னாள் வீரர்கள் 2020-இல் நீதிமன்றம் போனார்கள். 2021 ஜூனில் லீக் அந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. 2022-இல் நீதிபதி ஒப்புதல் கொடுத்தார். அதன் பிறகுதான் கறுப்பின வீரர்களின் பழைய பரிசோதனைத் தாள்கள் ஆயிரக்கணக்கில் மறுமதிப்பீட்டுக்குப் போயின. அட்டவணையைத் தயாரித்தவர்கள், அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றவர்கள் எத்தனையாவது சுற்றில் எடுக்கப்பட்டவர்கள், அவர்கள் சாண் எத்தனை அங்குலம் என்ற விவரம் எந்தப் பட்டியலிலும் இல்லை.